பாப்பாவின் கால் அளவை அனுப்புங்கள், அப்பா

கேன்டர்பரி,
16 அக்டோபர் 2022, ஞாயிறு.

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் இங்கு நலம். உங்கள் இருவரின் நலமும், அண்ணன், அண்ணி, பாப்பா, சின்னத்தை எல்லோருடைய நலமும் அறிய ஆவல்.

உங்கள் கடிதம் புதன்கிழமை வந்து சேர்ந்தது. கைபேசியில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று அண்ணன் கேட்பார். ஆனால் ‘சாப்பிட்டாயா, தூங்கினாயா’ என்று இரண்டு நிமிடம் பேசி முடித்துவிடுவதில் விட்டுப்போனவற்றையெல்லாம் நீங்கள் நான்கு பக்கங்களில் எழுதியிருந்தீர்கள். இரண்டு மாதமாக நான் ஒரு வரிகூட எழுதாமல் இருந்துவிட்டேன், மன்னித்துவிடுங்கள். முதியோர் இல்லத்தில் இரவுப் பணியைக் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறேன். இரவில் வேலை அதிகம் இருக்காது, பகலில் நேரம் கிடைக்கும் என்பதற்காகத்தான். வேறு காரணம் எதுவும் இல்லை, அம்மாவிடம் சொல்லுங்கள்.

லண்டனில் லார்ட்ஸ் மைதானத்தில் நம் பெண்கள் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் கடைசிவரை பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். நம் தீப்தி சர்மா அந்த இங்கிலாந்துப் பெண்ணைப் பந்து வீசும் முன்பே எதிர்முனையில் ரன் அவுட் செய்தது சரியா, ‘விட்டுக்கொடுத்திருக்கலாமே’ என்று முதல் பக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள். நான்காம் பக்கத்தின் அடியில், அடுத்த ஆண்டு பத்தாம் வகுப்பு என்பதால் பாப்பாவைப் பந்துவீச்சுப் பயிற்சியிலிருந்து அண்ணன் நிறுத்திவிட்டார், ‘பெண் குழந்தைதானே, விட்டுக்கொடுக்கட்டும்’ என்று இரண்டே வரிகளில் எழுதி முடித்திருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் இரண்டு இடத்திலும் நீங்கள் எழுதியிருப்பது ஒரே சொல் என்பதால் இரண்டுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நம் பெண்கள் அணி செப்டம்பரில் இங்கு மூன்று இருபது ஓவர் ஆட்டங்களும் மூன்று ஒருநாள் ஆட்டங்களும் ஆட வந்திருந்தது. இருபது ஓவர் தொடரை 2-1 என்று இங்கிலாந்து வென்றது. அதைப் பற்றி எழுத அதிகமில்லை. ஒருநாள் தொடரின் இரண்டாவது ஆட்டம் செப்டம்பர் 21 அன்று எங்கள் ஊரிலேயே நடந்தது. இரவுப் பணி முடிந்து வந்து மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து மைதானத்துக்குப் போனேன். இந்த மைதானத்தில் எல்லைக்கோட்டுக்குள்ளேயே ஒரு பெரிய மரம் பல தலைமுறைகளாக நின்றிருக்கிறது. 2005-இல் அது காற்றில் விழுந்த பிறகு வேறொரு மரம் நட்டிருக்கிறார்கள். நம் அணித்தலைவி ஹர்மன்பிரீத் கவுர் நூறு பந்துகளில் நூறு ஓட்டங்களைப் பொறுமையாக எடுத்துவிட்டு, அதன் பின் ஆடிய பதினொரு பந்துகளில் 43 ஓட்டங்கள் அடித்தார். 143 ஓட்டங்கள், ஆட்டமிழக்கவில்லை. நாம் 333 எடுத்து 88 ஓட்ட வித்தியாசத்தில் வென்றோம், அதோடு தொடரும் நம் கைக்கு வந்தது. 1999-க்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் நம் பெண்கள் வென்ற முதல் ஒருநாள் தொடர் அது. எனக்கு முன்வரிசையில் ஒரு சர்தார்ஜி தன் மகளைத் தோளில் வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

லார்ட்ஸுக்கு என்னை அழைத்துச் சென்றவர் அடுத்த வீட்டு அம்மையார். வேனிலில்கூடக் கம்பளித் தொப்பியைக் கழற்றாதவர், யாரிடமும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாதவர் என்று முன்பு எழுதியிருந்தேனே, அவர்தான். ஆகஸ்டில் ஒரு நாள் குப்பைத்தொட்டியை வெளியே வைக்கும்போது, ‘உனக்குக் கிரிக்கெட் தெரியுமா’ என்று திடீரென்று கேட்டார். தெரியும் என்றேன். மறுநாள் கதவடியில் ஓர் உறை கிடந்தது. உள்ளே லார்ட்ஸ் நுழைவுச்சீட்டு. பணம் கொடுத்தால் வாங்கவில்லை. அவருடைய தங்கைக்கு வர முடியாமல் போனதால் ஒரு சீட்டு மிஞ்சியதாம்.

செப்டம்பர் 24, புரட்டாசிச் சனிக்கிழமை. அம்மா கொடுத்தனுப்பிய புளிக்காய்ச்சலில் கடைசியாக மிஞ்சியிருந்ததை வழித்துப் போட்டுப் புளியோதரை கிளறி எடுத்துக்கொண்டேன். நல்லெண்ணெய் இங்கு எளிதில் கிடைக்காது என்பதால் அன்றைக்கென்று கொஞ்சம் எடுத்து வைத்திருந்தேன். ரயிலில் போகும்போது அந்த அம்மையார் தன் வாழ்க்கையில் ஒரு பக்கத்தைச் சொன்னார். அவருடைய தந்தை லார்ட்ஸை நடத்தும் எம்.சி.சி. மன்றத்தின் உறுப்பினராம். சிறுமியாக அவருடன் ஆட்டம் பார்க்கப் போவாராம். தந்தை உறுப்பினர்கள் அமரும் பெவிலியனுக்குள் போக, மகள் வெளியே இருக்கையில் உட்கார்ந்து பேரேட்டில் ஓட்டங்களைக் குறித்துக்கொண்டிருப்பாராம். பெண்கள் லார்ட்ஸில் முதன்முதலாக ஆடியது 1976-இல்தான். பெண்களை உறுப்பினராகச் சேர்க்க அந்த மன்றம் வாக்களித்தது 1998-இல். அதாவது மன்றம் தொடங்கி 211 ஆண்டுகள் கழித்து. ‘அப்போது அப்பா இல்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பேரேடு இப்போதும் அவர் பையில் இருக்கிறது. ஒவ்வொரு பந்துவீச்சாளருக்கும் ஒரு நிறப் பென்சில். நம் வேகப்பந்து வீச்சாளர் ஜூலன் கோஸ்வாமிக்குப் பச்சை.

அது ஜூலனின் கடைசி ஆட்டம் என்பது உங்களுக்குத் தெரியும். டாஸ் போட அவரையும் ஹர்மன்பிரீத் கையோடு அழைத்துப் போனார். அதற்கு முன் அணியினர் வட்டமாக நின்றபோது ஹர்மன்பிரீத் ஜூலனைக் கட்டிக்கொண்டு அழுதார். நாம் முதலில் ஆடி 29 ஓட்டங்களுக்கு நான்கு விக்கெட் இழந்தோம். ஸ்மிருதி மந்தனாவின் 50, தீப்தியின் ஆட்டமிழக்காத 68. இவை இரண்டும் இல்லையென்றால் 169-ஐத் தொட்டிருக்க முடியாது. ஜூலன் மட்டை பிடிக்க வந்தபோது இங்கிலாந்துப் பெண்கள் இரண்டு வரிசையாக நின்று கைதட்டி உள்ளே அனுப்பினார்கள். முதல் பந்திலேயே பவுல்டு ஆனார். பதினைந்தாயிரம் பேர் இருந்த மைதானம் சற்று நேரம் மூச்சுவிடவில்லை, பிறகு எழுந்து நின்று கைதட்டியது.

பந்துவீச்சில்தான் அவர் ஜூலன். பத்து ஓவர், அதில் ஓட்டமே கொடுக்காத மெய்டன் மூன்று, 30 ஓட்டங்கள், இரண்டு விக்கெட். அவற்றோடு சேர்த்து அவருடைய வாழ்நாள் கணக்கு 255. ஒருநாள் ஆட்டங்களில் வேறு எந்தப் பெண்ணும் இத்தனை விக்கெட் எடுத்ததில்லை. இந்தக் கணக்கு எங்கே தொடங்கியது தெரியுமா, அப்பா? 2002 ஜனவரி 6, நம் சென்னையில், இதே இங்கிலாந்துக்கு எதிராக. அந்த ஞாயிற்றுக்கிழமை நாமும் வில்லிவாக்கத்தில்தான் இருந்தோம். நமக்குத் தெரியவே தெரியாது. சச்சின் எந்த ஊரில் எத்தனை ஓட்டங்கள் எடுத்தார் என்று மனப்பாடமாகச் சொல்லும் வீட்டில், பேருந்தில் போய்வரும் தூரத்தில் இந்தியப் பெண்கள் ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அன்று எனக்குப் பதினொரு வயது. ஒருவேளை அந்த நேரத்தில் நான் நம் தெருவில், அண்ணன் கற்றுக்கொடுத்தபடி தையலின் மேல் விரல் வைத்துப் பந்து வீசிக்கொண்டிருந்திருப்பேன்.

லார்ட்ஸில் ஜூலனைத் தோழிகள் தோளில் தூக்கிக்கொண்டு வந்தபோது எனக்கு அந்தத் தெருதான் கண்முன் வந்தது. விளக்குக் கம்பம்தான் ஸ்டம்பு. சின்னத்தை வீட்டுச் சுவரைத் தாண்டினால் அவுட். சாயங்காலம் நீங்கள் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பணி முடிந்து சைக்கிளில் வரும்போது எல்லோரும் ஆட்டத்தை நிறுத்தி வழிவிடுவோம், நீங்கள் இறங்கி ஒரு பந்து வீசிவிட்டுப் போவீர்கள். புளியோதரை டப்பா மடியில் திறந்திருந்தது. அழுதுவிட்டேன், அப்பா. அடுத்த வீட்டு அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. தன் கைக்குட்டையை என் முழங்கால் மேல் வைத்துவிட்டுப் பேரேட்டில் எழுதிக்கொண்டே இருந்தார்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். இங்கிலாந்து 65 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட் இழந்த பிறகு, சார்லி டீன் என்ற அந்த இளம்பெண் தனியாளாகத் தாங்கிப் பிடித்து 47 எடுத்திருந்தார். கடைசி விக்கெட்டுக்கு 35 ஓட்டங்கள் சேர்ந்துவிட்டன, இன்னும் 17 எடுத்தால் வெற்றி. தீப்தி பந்து வீச ஓடி வந்தபோது, பந்து கையிலிருந்து போகும் முன்பே எதிர்முனையில் நின்ற டீன் கோட்டைத் தாண்டி வெளியே போய்விட்டார். தீப்தி நின்று, ஸ்டம்பின் மேலிருந்த பைல்ஸைத் தட்டினார். அத்துடன் நாம் வென்றோம். டீன் மட்டையைத் தரையில் வீசிவிட்டு அழுதது எனக்கும் பொறுக்கவில்லை. திரும்பும் ரயிலில் அந்த அம்மையார் ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் என் கதவடியில் ஒரு தாள் கிடந்தது. விதிப் புத்தகத்தின் நகல். இதுவரை ‘நேர்மையற்ற ஆட்டம்’ என்ற 41-ஆவது விதியின் கீழ் இருந்ததை, கிரிக்கெட் விதிகளை வகுக்கும் அதே எம்.சி.சி. இந்த ஆண்டு சாதாரண ரன் அவுட்டைச் சொல்லும் 38-ஆவது விதிக்கு மாற்றிவிட்டது. இம்மாதம் முதல் தேதியிலிருந்து அது நடைமுறைக்கு வந்திருக்கிறது. தாளின் ஓரத்தில், ‘அவள் கோட்டுக்குள் நின்றிருக்க வேண்டும்’ என்று பென்சிலில் எழுதியிருந்தார். பச்சைப் பென்சிலில்.

என் எண்ணமும் அதுதான். கோடு எல்லோருக்கும் ஒன்று. தீப்தி விதிப்படி தனக்குக் கிடைத்ததை எடுத்துக்கொண்டார். அதை விட்டுக்கொடுக்கும் கடமை அவருக்கு இல்லை. நேற்று வங்கதேசத்தின் சில்ஹெட்டில் ஆசியக் கோப்பையை வென்றபோது தொடரின் சிறந்த வீராங்கனையாக அவரைத்தான் தேர்ந்தெடுத்தார்கள், பார்த்திருப்பீர்கள்.

பாப்பாவும் விட்டுக்கொடுக்க வேண்டாம், அப்பா. நான் பதின்மூன்று வயதில் விட்டுக்கொடுத்தேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. பெரியவளாகிவிட்டாள், தெருவில் ஓடக்கூடாது என்று அம்மா சொன்னார், நான் சரி என்றேன். உங்கள் மேல் குறை சொல்லவில்லை. அப்போது எனக்குக் காட்ட உங்களிடம் யாரும் இல்லை. பாப்பாவுக்குக் காட்டப் பலர் இருக்கிறார்கள். உலகக் கோப்பையில் சதமடித்த முதல் இந்தியப் பெண் நம் சென்னையின் திருஷ் காமினி, 2013-இல். இப்போது இங்கு வந்துபோன அணியில் தயாளன் ஹேமலதா இருந்தார், அவரும் நம் ஊர்தான். தமிழ்க் குடும்பத்தில் பிறந்த, நம் அணியின் முன்னாள் தலைவி மிதாலி ராஜ் ரயில்வேக்காக ஆடியவர். நீங்கள் உழைத்த அதே ரயில்வே எத்தனையோ வீராங்கனைகளுக்கு வேலை கொடுத்திருக்கிறது, இது உங்களுக்கே தெரியும். ஜூலன் சக்தஹா என்ற சிற்றூரிலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துக் கொல்கத்தாவுக்குப் பயிற்சிக்குப் போய்வந்தவர். அவரும் பள்ளியில் படித்துக்கொண்டுதான் பந்து வீசினார்.

வாரத்தில் மூன்று நாள், காலை ஆறிலிருந்து எட்டு வரை போதும் என்று அண்ணனிடம் நீங்கள்தான் பேச வேண்டும். நான் பேசினால் சண்டையாகிவிடும். கட்டணம் என் பொறுப்பு. இம்மாதம் அனுப்பியது சற்றுக் குறைந்திருந்தால் பவுண்டின் மதிப்பு சென்ற மாதம் திடீரென்று சரிந்ததுதான் காரணம், கவலை வேண்டாம். மாடி ஒழுகலுக்கு நவம்பரில் அனுப்புகிறேன். அதுவரை தார்ப்பாய் போட்டுச் சமாளியுங்கள். குளிரைப் பற்றி அம்மா கேட்டிருந்தார். ஹீட்டரை இன்னும் போடவில்லை, இரண்டு ஸ்வெட்டர் போதுமானதாக இருக்கிறது. தீபாவளிக்கு விடுப்பு இல்லை. சின்னத்தை செய்யும் அதிரசத்தில் எனக்கென்று இரண்டு எடுத்துவைத்துப் பாப்பாவிடம் கொடுங்கள்.

பந்துவீச்சாளருக்கான ஸ்பைக்ஸ் ஷூ ஒன்று இங்கே பார்த்து வைத்திருக்கிறேன். பாப்பாவின் இரண்டு பாதங்களையும் வெள்ளைத்தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைந்து, அடுத்த கடிதத்தோடு அனுப்புங்கள். காலையில் வரைந்தால் அளவு குறைந்துவிடும். பயிற்சிக்குப் போய்வந்த அன்று மாலையில் வரையுங்கள்.

உங்கள் அன்பு மகள்