மண்ணை அறிந்து செடியை வாங்குவோம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் வீட்டுத்தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர், வசந்தத்தில் பூவுக்காகவும் இலையுதிர்காலத்தில் இலையின் நிறத்துக்காகவும் அசேலியா, என்கியாந்தஸ், ஃபாதர்கில்லா போன்ற புதர்ச்செடிகளை ஆசையோடு வாங்கி நட்டு, இரண்டு மூன்று ஆண்டுகளில் அவற்றை இழந்து, தமக்குக் கைராசி இல்லை என்று வருந்துவதைக் காண்கிறேன். குறை பெரும்பாலும் மண்ணில்தான் இருக்கிறது.

சர்ரே மாவட்டத்தில் சுண்ணாம்புப் பாறைமேல் அமைந்த எங்கள் தோட்டத்தில், எந்த மண்ணிலும் வளரும் என்று விற்றவர் சொன்னதை நம்பி, மஞ்சள் அசேலியா ஒன்றை நட்டேன். அடுத்த கோடைக்குள் நரம்புகள் மட்டும் பச்சையாக நிற்க, இலைகள் முழுவதும் வெளிறிப்போயின. மண்ணில் இரும்புச்சத்து இருந்தும், சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் அதை உறிஞ்ச அச்செடியின் வேருக்கு இயலாததால் வந்த சோகை அது. இதே மாவட்டத்தின் விஸ்லி தோட்டத்தில் அசேலியாக்கள் செழித்துப் பூப்பதற்கு அங்குள்ள அமிலத்தன்மை கொண்ட மணற்பாங்கான மண் ஒரு முக்கியக் காரணம். இவ்வகைச் செடிகளுக்கு, மண்ணின் அமில, காரத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு (7-க்குக் கீழே அமிலம்) ஏறத்தாழ 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது; அதை அறிய உதவும் எளிய சோதனைப் பெட்டி தோட்டக்கடைகளிலேயே கிடைக்கிறது.

சுண்ணாம்பு மண் உள்ளவர்கள் நிலத்தோடு போராடாமல், அமில விரும்பிச் செடிகளுக்கென விற்கப்படும், பீட் எனும் சதுப்புநிலக் கரிமண் கலக்காத மண்கலவையை இட்டுப் பெரிய தொட்டியில் வளர்க்கலாம். ஆனால் தென்கிழக்கு இங்கிலாந்தின் குழாய்நீர் பெரும்பாலும் கடினநீர் என்பதால், அதை ஊற்ற ஊற்றத் தொட்டியிலும் சுண்ணாம்பு சேர்ந்துவிடும். கூரையிலிருந்து வடியும் மழைநீரைப் பீப்பாயில் பிடித்து வைத்து ஊற்றுவதே முறை. காபிச் சக்கையைத் தூவினால் போதும் என்று பலர் சொல்வதை நம்ப வேண்டாம். வடித்தெடுத்த சக்கையில் அமிலம் அதிகம் மிஞ்சுவதில்லை. வேர்கள் மேலாகவே படர்வதால் அடியில் கொத்தாமல், பைன் மரப்பட்டையால் மூடாக்கு இட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின், ஜப்பானிலிருந்து வந்த என்கியாந்தஸ் இன்று எங்கள் முற்றத்துத் தொட்டியில், மே மாதம் செவ்வரி ஓடிய சிறு மணிகளாகப் பூத்துத் தொங்கி, அக்டோபரில் செடி முழுவதும் செம்பிழம்பாக நிற்கிறது. தங்கள் நாளிதழில் தோட்டக் குறிப்புகள் வெளியிடும்போது, செடியின் பெயரோடு அதற்கு ஏற்ற மண்ணையும் நீரையும் தவறாமல் குறிப்பிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒரு வாசகர்,
சர்ரே, இங்கிலாந்து