ஹெரால்டு கார்: பெயின்ட் கடைசி வேலை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தாத்தா காலத்துக் காரைக் குடும்பமாகச் சேர்ந்து புதுப்பிப்பது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில் பெயின்டும் குரோமும்தான் நிறைய இருந்தன. பாதியில் நின்றுபோன வண்டிகளைப் பாருங்கள், பெரும்பாலானவை முதலில் பெயின்ட் ஷெட்டுக்குப் போனவைதான். பணம் அங்கேயே தீர்ந்துவிடும், பிரேக்குக்கு மிஞ்சாது.

வீட்டிலேயே வேலை பார்க்க ஏற்றது, 1961 முதல் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 948 சி.சி. எஞ்சின். அம்பாசிடர், பியட்டில் பாடியும் சேஸும் (அடிச்சட்டம்) ஒன்றாகவே இருக்கும்; இதில் அப்படியல்ல. தனி சேஸ் மேல் பாடி போல்ட்டில் உட்கார்ந்திருக்கும். பானெட் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் கவிழ்வதால் டயர் மேல் உட்கார்ந்தே எஞ்சினைத் தொடலாம். பாடியைத் தூக்குமுன் இரண்டு கதவு வாசலிலும் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்து இறுக்க வேண்டும். விட்டால் பாடி வளைந்து, பிறகு கதவு சாத்தாது. பாடிக்கும் சேஸுக்கும் நடுவே உள்ள ஷிம்கள் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடுகள்) எந்த இடத்தில் எத்தனை என்று எழுதி, கழற்றும்போதே தனித்தனிப் பையில் போடுங்கள். பிள்ளைகளுக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை இல்லை. கொடுக்கக் கூடாத வேலைகளும் உண்டு. பழைய பெயின்டில் ஈயமும் பழைய பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸும் இருக்கலாம். பெயின்டைத் தண்ணீர் விட்டுத்தான் தேய்க்க வேண்டும். பிரேக் டிரம்முக்குள் கம்ப்ரஸர் காற்றடிக்கவே கூடாது.

இந்த வண்டியில் ஆளைக் கொல்லக்கூடிய இடம் ஒன்று உண்டு: முன்சக்கர ட்ரனியன். சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து இரும்பின் அடிமுனையில் மரை வெட்டியிருக்கும். அது ட்ரனியன் என்ற பித்தளைத் துண்டுக்குள் திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது அந்த மரைதான் சுழலும். கிரீஸ் கன்னைப் பார்த்ததும் நம் ஆட்கள் கிரீஸ் அடித்துவிடுவார்கள். கிரீஸ் நாளடைவில் இறுகி மரைக்குள் போகாது. தண்ணீர் புகுந்து இரும்பு அரித்து, ஒருநாள் முறிந்து சக்கரம் மடங்கிவிடும். இதற்கு இ.பி. 90 கியர் ஆயில்தான். ட்ரனியனில் உள்ள அடைப்புத் திருகைக் கழற்றி, ஆயில் ஏற்றும் நிப்பிளை மாட்டி, மேலே ஆயில் கசியும் வரை அடிக்க வேண்டும். பழைய வண்டியை வாங்கியதும் இரண்டு பக்கமும் பிரித்து, மரையில் அரிப்பு தெரிந்தால் மாற்றுங்கள். இடதுக்கும் வலதுக்கும் மரை எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட முடியாது.

அடுத்தது கிராங்க், அதாவது எஞ்சினுக்குள் சுழலும் முக்கியத் தண்டு. ஒருவர் கிளச்சை மிதிக்க, இன்னொருவர் முன்பக்கப் புல்லியைப் பார்க்கட்டும். கண்ணுக்கே தெரியும்படி முன்னால் நகர்ந்தால், கிராங்க் முன்பின் நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்திருக்கிறது. டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தால் இந்த அசைவு 0.004 முதல் 0.008 அங்குலம் வரை இருக்கலாம். வாஷர் கழன்று எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் சம்ப்பில் விழுந்த பிறகும் ஓட்டினால் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே தின்றுவிடும். புது வாஷரில் பள்ளக் கோடு உள்ள பக்கம் கிராங்கைப் பார்த்திருக்க வேண்டும்.

பிரேக் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் ஒழுகினால் நான்கு சக்கரமும் போச்சு. ரப்பர் ஓஸ், வீல் சிலிண்டரின் ரப்பர் கப், மாஸ்டர் சிலிண்டர் கிட் (ரப்பர் சாமான் தொகுப்பு) எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். பெட்ரோலில் கழுவினால் கப் ஊதிவிடும். பிரேக் ஆயிலிலேயே கழுவுவது நல்லது. கிட் சென்னையின் பழைய உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் கிடைக்காவிட்டால், பிரிட்டனில் இதன் மூல வண்டியான டிரையம்ப் ஹெரால்டுக்கு இன்றும் புதுச் சாமான் விற்கிறார்கள். சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். டேங்கில் படிந்த பழைய பிசினை அது கரைத்துக் கார்புரேட்டருக்கு அனுப்பிவிடும். பழைய ஓஸும் பெட்ரோல் பம்ப்பின் டயாப்ரமும் (உள்ளே அசையும் ரப்பர் சவ்வு) இளகும். டேங்கை முதலில் கழுவி, எத்தனால் தாங்கும் ஓஸ் போட்டு, வழியில் ஒரு ஃபில்டர் வையுங்கள். காலி டேங்கானாலும் வெல்டிங் வைக்கவே கூடாது.

இதெல்லாம் முடிந்து, சில வாரம் ஓட்டிப் பார்த்து ஒழுகல் இல்லை என்றான பிறகு பட்டி, பெயின்ட்.

எஞ்சின் தேறாது என்று மாருதி எஞ்சின் வைக்கச் சொல்பவர்கள் இருப்பார்கள். 2021இல் வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த சொந்த உபயோக வண்டியை வின்டேஜ் என்று ஏற்க, சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. புதிதாக 'வி.ஏ.' வரிசை எண் வாங்க 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு தவிர அன்றாடம் ஓட்ட முடியாது. முன்பே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியோடு பொருந்துகிறதா என்று முன்பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். துருவைத் தேய்க்கும்போது அந்த எண்கள் மேல் கிரைண்டர் படாமல் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
தாம்பரம்.