சூரியனை விட சின்ன கருந்துளையையும் எழுதுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஈர்ப்பு அலை, அதாவது கருந்துளைங்க மோதிச் சேரும்போது விண்வெளில பரவுற அதிர்வு, அதப் பத்தி உங்க பேப்பர்ல செய்தி வந்தாலே "இதுவரை இல்லாத ராட்சத கருந்துளை"ன்னுதான் தலைப்பு வருது. தப்பில்ல, 2025 ஜூலைல சூரியனைப் போல சுமார் 225 மடங்கு எடையில ஒண்ணு உருவானத, இந்த அலையப் பிடிக்கிற அமெரிக்காவோட லைகோ ஆய்வுக்கூடம் சொன்னப்போ நானும் ஆசையாத்தான் படிச்சேன், ஆனா அதே ஆளுங்க இன்னொரு பக்கம் சூரியனை விட எடை கம்மியான கருந்துளைய வருஷக்கணக்கா தேடிட்டு இருக்காங்க, அதப் பத்தி ஒரு வரியும் காணோம்.

அதுதான் பெரிய விஷயம்ங்கறேன். நம்ம சென்னை பிரசிடென்சி காலேஜ்ல படிச்ச சந்திரசேகர் 1930ல இங்கிலாந்துக்கு கப்பல்ல போகும்போதே கணக்கு போட்டார், சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்கு கீழ இருந்தா எரிஞ்சு முடிஞ்ச நட்சத்திரம் வெள்ளைக் குள்ளன்ங்கற சின்ன, அடர்த்தியான நட்சத்திர மிச்சமாவே நின்னுடும், கருந்துளை ஆகாது. அப்போ சூரியன்ல பாதி எடையில ஒண்ணு மாட்டுச்சுன்னா அது நட்சத்திரத்துக்குப் பொறந்தது இல்ல, பிக் பேங் நடந்து ஒரு செகண்டுல லட்சத்துல ஒரு பங்கு நேரத்துக்குள்ள, அடர்த்தி கூடுன இடம் அப்படியே உள்ள சுருங்கி உண்டானதுன்னு சொல்ல வலுவான ஆதாரம். செல்டோவிச், நோவிகோவ், ஹாக்கிங்னு இயற்பியல் அறிஞர்கள் எல்லாம் 1960கள், 70கள்லயே சொன்ன ஆதி கருந்துளை இதுதான்.

தேடுறது லேசுல இல்ல. 2015 செப்டம்பர் 14ல லைகோவுக்கு வந்த முதல் ஈர்ப்பு அலை சிக்னல் 0.2 செகண்டுல முடிஞ்சுது. சின்னது ரெண்டு ஒண்ண ஒண்ணு சுத்தி சேரும்போது சிக்னல் ரொம்ப பலவீனம், ஆனா நிமிஷக்கணக்குல இழுக்கும், கருவியோட இரைச்சலுக்குள்ள லட்சக்கணக்கான மாதிரி அலைய கம்ப்யூட்டர்ல ஒவ்வொண்ணா ஒட்டிப் பாக்கணும். இந்த முறைய வளர்த்ததுல புனேல இருக்குற ஐயூகா வானியல் ஆய்வு மையத்துல வேலை பாத்த துரந்தர், சத்யபிரகாஷ் பங்கு பெருசு.

லைகோவோட முதல் மூணு ரன் (கண்காணிப்புச் சுற்று) டேட்டாலயும் உறுதியா ஒண்ணும் சிக்கல. ஆனா அதுவும் ரிசல்ட்தான சார், டார்க் மேட்டர், அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு மூலமா மட்டும் தெரிய வர்ற பொருள், அது மொத்தமும் இந்த எடை கருந்துளைதான்ங்கற யோசனைக்கு இடம் ரொம்ப சுருங்கிப் போச்சே. கிடைச்சா மட்டும் போடுவோம்னா பசங்களுக்கு சயின்ஸ் எப்படி நடக்குதுன்னே தெரியாது.

மகாராஷ்டிரா ஹிங்கோலில 2,600 கோடில லைகோ இந்தியான்னு இதே மாதிரி ஆய்வுக்கூடம் வர 2023லயே கேபினட் ஓகே சொல்லிடுச்சு, நம்ம வரிப்பணம் அது. சிறுசேரி சென்னை மேத்தமேட்டிக்கல் இன்ஸ்டிட்யூட்ல இந்தத் துறை ஆளுங்க இருக்காங்க, அவங்கள ஞாயிறு இணைப்புல ஒரு முழு பக்கம் எழுத வைங்க, பிளஸ் டூ பசங்களுக்குப் புரியுற மாதிரி, கிடைக்காததையும் சேர்த்து.

வாசகர், திருச்சி