ஓதம் ஏறும் சுவரை அப்படியே மூடிவிட்டுப் போனது பற்றிய புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் வீட்டு நிலத்தடி அறைச் சுவர்களுக்கு ஓதத் தடுப்பும் வெப்பக் காப்பும் செய்யும் வேலையை உங்கள் நிறுவனம் முடித்து ஐந்து மாதம் ஆகிறது. மகள் உட்கார்ந்து படிப்பதற்காகத்தான் அந்த அறையைப் புதுப்பித்தோம். இப்போது கதவைத் திறந்தாலே பூஞ்சை நாற்றம். அவளை உள்ளே விடப் பயமாக இருக்கிறது.

போன வாரம் மூலையில் ஒரு ஜிப்சம் போர்டைக் கழற்றிப் பார்த்தேன். பின்னால் இருந்த பாலிதீன் தாளின் சுவர்ப் பக்கம் முழுக்க நீர்த்துளிகள். அதற்கும் பின்னால் கண்ணாடி இழைப் பஞ்சு நனைந்து, கனம் தாங்காமல் சரிந்து கிடந்தது. மரச்சட்டத்தின் அடிக்கட்டையில் கறுப்பாகப் பூஞ்சை.

வேலை தொடங்கிய அன்றே சுவரின் அடியில் உப்பு பூத்திருந்ததை உங்கள் மேற்பார்வையாளரிடம் காட்டினேன். "பழைய சுவர் என்றால் அப்படித்தான்" என்று துடைத்துவிட்டார். கான்கிரீட்டில் ஊறி வரும் தண்ணீர், கரைத்துக் கொண்டுவந்த உப்பை மேலே விட்டுவிட்டு ஆவியாவதால் வருவதுதான் அந்த வெள்ளைப் படிவம். துடைத்தால் போகிற விஷயமா அது? வந்த ஈரம் காய வழியில்லாமல் தாளைப் போட்டு அடைத்தும் விட்டீர்கள்.

தொலைபேசியில் கேட்டபோது, அறைக்காற்றின் ஈரம்தான், ஜன்னலைத் திறந்து வையுங்கள் என்றார்கள். சரி என்று நானே சோதித்தேன். வெறும் சுவரில் 2 அடி சதுரப் பாலிதீன் துண்டை நான்கு ஓரமும் டேப் ஒட்டி 24 மணி நேரம் விட்டேன். காற்றின் ஈரம் என்றால் துண்டின் வெளிப்பக்கம் வியர்த்திருக்கும். அது உலர்ந்தே இருந்தது. சுவரை ஒட்டிய பக்கம்தான் தண்ணீர். பஞ்சை வைப்பதற்கு முன் நீங்கள் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

நனைந்த பஞ்சு, தாள், பூஞ்சை பிடித்த மரம் எல்லாவற்றையும் அகற்றிச் சுவரைக் காய விடுங்கள். அப்புறம் வெளிப்புறத்தைக் கவனியுங்கள். கூரைத் தண்ணீர்க் குழாய் சுவரோரத்திலேயே கொட்டுகிறது. மண்ணும் வீட்டை நோக்கிச் சரிந்திருக்கிறது. முதல் 10 அடிக்குள் 6 அங்குலமாவது வெளிப்பக்கமாகச் சரிய வேண்டும். அதன் பிறகு ஃபோம் போர்டைச் சுவரோடு இடைவெளியில்லாமல் ஒட்டி, இணைப்புகளை டேப்பால் மூடுங்கள். பஞ்சு மறுபடி வேண்டாம். ஜிப்சம் போர்டும் தரையைத் தொடாமல் அரை அங்குலம் மேலே நிற்கட்டும்.

இதற்குக் கூடுதல் பணம் தர மாட்டேன். படங்களை இணைத்திருக்கிறேன். 10 நாட்களுக்குள் வேலை தொடங்கும் தேதியை எழுத்தில் தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்