மூன்று அங்குலக் குட்டி மூன்றடி ஆகும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் செங்கோட்டைப் பக்கம் வண்ண மீன் வளர்க்கும் ஆசை கூடியிருக்கிறது, சந்தோஷம். ஆனால் என் மகனுக்கு ஒரு கடையில் இரண்டு அங்குல ஆஸ்கர் மீனையும் பத்து கப்பி என்ற சின்ன மீன்களையும் கொடுத்து ஒரே தொட்டியில் விடலாம் என்றார்கள், நான்காம் மாதம் ஒரு கப்பிகூட இல்லை, பிள்ளை அழுத அழுகை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆஸ்கர் ஒரு அடி வரை வளரும், வாயில் நுழைவதை விழுங்கும், அது அதன் இயல்பு. அதோடு சேர வேண்டியது வாய்க்குள் அடங்காத, இரைக்குப் போட்டி போடத் தெரிந்த மீன்கள்தான். அகன்ற உடம்புள்ள சில்வர் டாலர் மீனை ஐந்தாறாகக் கூட்டமாக விடலாம், அதற்கும் தொட்டி ஆறடியாவது வேண்டும். அப்படியும் முதல் சில வாரம் சண்டை வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சிவப்பு வால் கெளுத்தி சங்கதி வேறு. கடையில் மூன்று அங்குலம், வளர்ந்தால் மூன்றடிக்கும் மேல், கூட இருப்பதையெல்லாம் தின்றுவிடும், வீட்டுத் தொட்டிக்கு அது ஆகாது. இடம் போதவில்லை என்று குண்டாற்றில் மட்டும் விட்டுவிடாதீர்கள். 2018 வெள்ளத்துக்குப் பிறகு மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துச் சாலக்குடி ஆற்றில், எங்கோ வளர்த்த இடத்திலிருந்து தப்பிய அரபைமா என்ற அமேசான் ராட்சத மீன் வலையில் சிக்கியது.

கடைக்காரர்கள் ஒவ்வொரு தொட்டியிலும் அந்த மீன் எவ்வளவு வளரும் என்று எழுதி ஒட்டினால் போதும்.

ஒரு வாசகர்,
செங்கோட்டை