டெல்டாவின் பழைய எண்ணெய்க் கிணறுகளுக்கு யார் பொறுப்பு? மாசு கட்டுப்பாடு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியத் தலைவர், சுற்றுச்சூழல் துறைச் செயலாளர், பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல அதிகார அமைப்பின் உறுப்பினர்கள்.

மதிப்பிற்குரியவர்களுக்கு வணக்கம்.

2020 பிப்ரவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய வேளாண் மண்டலச் சட்டம், காவிரி டெல்டாவில் புதிதாக எண்ணெய், எரிவாயு, மீத்தேன், ஷேல் வாயு எடுப்பதைத் தடை செய்தது. அந்தத் தடைக்காக ஊர் ஊராக மக்கள் போராடினார்கள். அது நிலைக்க வேண்டும். ஆனால் சட்டம் வந்தபோது ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. குழாய்ப் பாதை போன்ற உட்கட்டமைப்புகளுக்கும் விலக்கு தந்திருக்கிறது. நரிமணம், கோவில்களப்பால், அடியக்கமங்கலம், கமலாபுரம், குத்தாலம் என்று 1980கள் முதல் வயலுக்குள் இறக்கிய கிணறுகளும், அவற்றிலிருந்து சேகரிப்பு நிலையங்களுக்கு ஓடும் குழாய்களும் அப்படியேதான் இருக்கின்றன. எஃகு துருப்பிடிக்கும், சிமெண்ட் விரிசல் விடும். கிணற்றுக்கு வயதாக ஆக ஆபத்தும் கூடும். இந்த மடல் அந்தப் பழைய கிணறுகளைப் பற்றியது.

கேட்கப் போனால், "எண்ணெய் மத்திய அரசின் அதிகாரம், எங்களால் என்ன செய்ய முடியும்?" என்ற பதில்தான் வருகிறது. எண்ணெய் வயல்கள் மத்தியப் பட்டியலில் இருப்பது உண்மை. ஆனால் நிலப்பகுதியில் குத்தகையில் கையெழுத்திடுவது, மத்திய அரசின் முன் ஒப்புதலோடு, மாநில அரசுதான். உரிமைத்தொகையும் மாநிலத்துக்குத்தான் வருகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, 1974 நீர்ச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் 1981 காற்றுச் சட்டத்தின் 21ஆம் பிரிவும் உங்கள் வாரியத்தின் இசைவாணை இல்லாமல் ஒரு கிணறும் இயங்கக் கூடாது என்கின்றன. மீறினால் மூடவும் மின்சாரத்தைத் துண்டிக்கவும் அதே சட்டங்களில் முறையே 33அ, 31அ பிரிவுகள் இருக்கின்றன.

இந்த அதிகாரத்தைப் பயன்படுத்தாமல் விட்டால் என்ன ஆகும் என்பதை அசாமில் பார்த்தோம். 2020 மே 27 அன்று பாக்ஜானில் பழுது பார்த்துக்கொண்டிருந்த ஒரு எரிவாயுக் கிணறு கட்டுமீறிச் சீறியது. ஜூன் 9 அன்று தீப்பிடித்தது, தீயணைப்பு வீரர்கள் இருவர் இறந்தனர். நவம்பர் 15 அன்றுதான் கிணற்றை அடக்க முடிந்தது. மாநில மாசு வாரியத்தின் இசைவாணை இல்லாமலேயே அங்கே பணிகள் நடந்தன என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அமைத்த குழு பதிவு செய்தது. டெல்டாவின் எந்தெந்தக் கிணற்றுக்கு இன்று செல்லுபடியாகும் இசைவாணை இருக்கிறது என்ற பட்டியலை நீங்கள் வெளியிடுங்கள். நீர்ச் சட்டத்தின் 25(6) பிரிவு, வாரியம் பதிவேடு வைத்திருக்க வேண்டும், அக்கறையுள்ள எவரும் அதைப் பார்க்கலாம் என்கிறது. நாங்கள் சலுகை கேட்கவில்லை.

அந்தப் பதிவேடு கிணறு வாரியாக இருக்க வேண்டும். 'திருவாரூர் பகுதி கிணறுகள்' என்று மொத்தமாக ஒரு வரி எழுதினால் போதாது. புல எண், அட்சரேகை தீர்க்கரேகை, தோண்டிய ஆண்டு, ஆழம், துளையின் சுவரைத் தாங்கும் ஒவ்வொரு கேசிங் குழாயும் எந்த ஆழம்வரை இறங்கியிருக்கிறது, அதன் பின்னால் சிமெண்ட் எந்த மட்டம்வரை ஏறியிருக்கிறது, இன்றைய நிலை என்ன, இசைவாணையின் எண்ணும் காலாவதித் தேதியும் என்ன என்பவை அதில் வேண்டும். நிலை என்ற கட்டத்தில் 'தற்காலிகமாக மூடப்பட்டது' என்று எழுதியிருந்தால், எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுதுங்கள். ஒரு கிணறு பல ஆண்டுகள் 'தற்காலிகமாகவே' கிடப்பது இந்தத் தொழிலில் வழக்கம். ஓடும் கிணற்றைப் பார்க்க ஆள் வருவார்கள், நிரந்தரமாக அடைத்த கிணற்றுக்குள் சிமெண்ட் இருக்கும். இரண்டுக்கும் நடுவில் கிடக்கும் கிணற்றுக்குத்தான் கவனிப்பும் இல்லை, அடைப்பும் இல்லை.

அடுத்தது அழுத்தம். இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறோம், ஏனென்றால் கிணற்றின் உடல்நலத்தை மிகக் குறைந்த செலவில் காட்டும் அளவு இதுதான். கிணறு என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இறங்கிய எஃகுக் குழாய்கள். வெளியே இருக்கும் குழாய் நிலத்தடி நன்னீரைத் தாண்டி இறங்கி, சிமெண்டால் பிடிக்கப்பட்டிருக்கும். உள்ளே உற்பத்திக் குழாய், அதற்கும் உள்ளே எண்ணெய் ஏறிவரும் குழாய். இரண்டு குழாய்களுக்கு இடையில் உள்ள வளைய வெளி ஒவ்வொன்றுக்கும் கிணற்றுத் தலையில் ஒரு வால்வு உண்டு. அதில் ஒரு அழுத்தமானியைப் பொருத்தினால், முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்க்கலாம். முள் ஏறியிருந்தால் அரை அங்குல ஊசி வால்வு வழியாக மெதுவாக வெளியேற்ற வேண்டும். பூஜ்யத்துக்கு இறங்கி அங்கேயே நின்றால், வெப்பத்தால் திரவம் விரிந்ததாக இருக்கலாம். வால்வை மூடி 24 மணி நேரம் கழித்துப் பார்க்கும்போது மறுபடி ஏறியிருந்தால், கீழே எங்கோ குழாயோ சிமெண்டோ கசிகிறது என்று பொருள்.

சிமெண்ட் கசிவதற்குக் காரணங்கள் தெரிந்தவைதான். துளையின் நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்த குழாய்க்குப் பின்னால் துளையிடும்போது பயன்படுத்திய சேறு தங்கிவிடும், அங்கே சிமெண்ட் போய்ச் சேராது. இறுகும் நேரத்தில் வாயு அதற்குள் புகுந்து வழி ஏற்படுத்திக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் சூடாகியும் ஆறியும் குழாய் சுருங்கி விரிவதால் ஒட்டு விட்டுப்போகும். இவை எதுவும் மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு கிணற்றுக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளைய வெளி அழுத்தத்தை அளந்து, வாரியத்துக்கு அனுப்புவதை இசைவாணையின் நிபந்தனையாக்குங்கள். நிறுவனங்கள் தங்கள் அளவில் எடுக்கும் இந்த எண்கள் இன்று மக்கள் கண்ணில் படுவதில்லை.

நிரந்தரமாக அடைக்கும்போதும் கண்காணிக்க ஆள் வேண்டும். எண்ணெய் வந்த துளைகளின் மேல் ஒரு சிமெண்ட் அடைப்பு, நன்னீர் மட்டத்துக்குக் கீழே ஒன்று, மேலே ஒன்று என்று வைப்பார்கள். சிமெண்டைப் பம்ப் செய்துவிட்டோம் என்ற ஒப்பந்தக்காரரின் சீட்டு போதாது. இறுகிய பிறகு துளையிடும் குழாயை இறக்கி, எடையைச் சாய்த்து, அடைப்பு இருக்க வேண்டிய ஆழத்தில் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்க வேண்டும். பிறகு அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டும் நடக்கும் நாளில் வாரியப் பொறியாளர் ஒருவர் அங்கே இருக்கட்டும். சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் தன் வேலையைச் செய்யும். ஆனால் அதன் கவலை முதலில் தொழிலாளர் பாதுகாப்பு. போர்வெல் தண்ணீரைப் பார்க்கும் பொறுப்பு உங்களுடையது.

குழாய்களைப் பற்றி. 2017 ஜூன் 30 அன்று கதிராமங்கலத்தில் வயலில் எண்ணெய் பீறிட்டது. 2014 ஜூன் 27 அன்று ஆந்திரத்தில் 'நகரம்' என்ற கிராமத்தில் எரிவாயுக் குழாய் வெடித்து 20 பேருக்கும் மேல் இறந்தார்கள். உலர்ந்த வாயுவுக்காகப் போட்ட அந்தக் குழாயில் நீர் கலந்த வாயு ஓடியிருக்கிறது. தண்ணீர் தேங்கிய இடத்தில் உள்ளிருந்தே அரித்துவிட்டது. டெல்டாவில் உள் அரிப்போடு வெளி அரிப்பும் சேர்கிறது. உப்பேறிய களிமண், ஆண்டில் பல மாதம் தண்ணீரில் ஊறும் வயல். மேல்பூச்சு உரிந்த இடத்தில் மின்பாதுகாப்பு, அதாவது துருவைத் தடுக்கக் குழாய்க்குச் செலுத்தும் மின்னோட்டம், சரியாக வேலை செய்ய வேண்டும். மின்னோட்டத்தை நிறுத்திய கணத்தில் குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான மின்னழுத்தம், தாமிர சல்பேட் மின்வாயைக் கொண்டு அளந்தால், மைனஸ் 850 மில்லிவோல்ட்டோ அதைவிட எதிர்மறையாகவோ இருக்க வேண்டும். மின்னோட்டம் ஓடும்போதே எடுத்த அளவை அறிக்கையில் எழுதினால் குழாய் நலமாக இருப்பதுபோல் தெரியும். அந்த எண்ணை ஏற்காதீர்கள். உள்ளே கருவியை அனுப்பிப் பார்க்கும் சோதனை சிறிய கிணற்றுக் குழாய்கள் பலவற்றில் நடக்காது, வளைவுகள் இடம் தராது. அவற்றை நீர் நிரப்பி அழுத்தச் சோதனைதான் செய்ய வேண்டும். இன்னொன்று: மேட்டூர் திறப்பதற்கு முன் வாய்க்கால் தூர்வாரும்போது ஜேசிபி எந்த இடத்தில் குழாயைக் கடக்கிறது என்று ஓட்டுநருக்குத் தெரியாது. குழாய்ப் பாதையின் வரைபடம் நீர்வளத் துறையிலும் கிராம நிர்வாக அலுவலரிடமும் இருக்க வேண்டும். 1962 குழாய்ச் சட்டப்படி அந்தப் பட்டையில் உழவர் வீடு கட்டக் கூடாது, கிணறு வெட்டக் கூடாது, மரம் நடக் கூடாது. இத்தனை தடை இருக்கும்போது, குழாய் எங்கே ஓடுகிறது என்பதையாவது அவருக்குச் சொல்ல வேண்டாமா?

தண்ணீர்தான் எங்களுக்கு முதன்மை. உழவர் ஒருவர் போர்வெல் உப்பாகிவிட்டது என்று மனு கொடுத்தால், "கடல்நீர் உட்புகுந்திருக்கும்" என்று கோப்பு மூடப்படுகிறது. டெல்டாவில் கடல்நீர் உட்புகுவதும் நடக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டையும் பிரித்தறிய வழி இருக்கிறது. கடல்நீரில் குளோரைடு, எடைக்கணக்கில், புரோமைடைப்போல் ஏறத்தாழ 290 மடங்கு. ஆழத்திலிருந்து எண்ணெயோடு வரும் நீரில் இந்த விகிதம் பெரும்பாலும் மாறும், சல்பேட் குறைந்தும் பேரியம், ஸ்ட்ரான்சியம் கூடியும் இருக்கும். மீத்தேனும் அப்படித்தான். நெல்வயலே மீத்தேன் விடும். சேற்றில் பிறந்த மீத்தேனோடு ஈத்தேன், புரொப்பேன் ஏறக்குறைய இருக்காது, ஆழத்து வாயுவில் இருக்கும். மீத்தேனில் உள்ள கார்பன்-13 என்ற கனமான கார்பனின் விகிதத்தையும் சேர்த்துப் பார்த்தால் சந்தேகம் பெருமளவு தீரும்.

மாதிரி எடுக்கும் முறையிலேயே பல வழக்குகள் தோற்கின்றன. பென்சீனைத் தேட வேண்டிய தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பாதி நிரப்பி, வெயிலில் ஜீப்பில் கொண்டுபோனால் ஆய்வகத்தில் ஒன்றும் கிடைக்காது. 40 மில்லி கண்ணாடிக் குப்பியில், ஒரு காற்றுக்குமிழிகூட இல்லாமல் நிரப்பி, 4 டிகிரியில் ஐஸ்பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது கவனக்குறைவுக்கு இடமில்லை. மண்ணிலும் இதே சிக்கல். நெல் உப்பைத் தாங்கும் எல்லை, நிறைவுச் சாறில் (மண்ணை நீரால் நிறைத்து எடுத்த சாற்றில்) மின்கடத்தும் திறனாக அளந்தால், மீட்டருக்கு 3 டெசிசீமன்ஸ். நம் மண் பரிசோதனை நிலையங்கள் ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் சேர்த்த 1:2 கரைசலில் அளக்கின்றன, எண் குறைவாகவே வரும். இரண்டையும் ஒப்பிட்டு "வரம்புக்குள் இருக்கிறது" என்று எழுதுவது தவறு.

2021இல் அரசு அமைத்த பேராசிரியர் சுல்தான் அகமது இஸ்மாயில் குழு 2022 பிப்ரவரியில் அறிக்கை தந்தது. அந்த அறிக்கையை ஆய்வு அட்டவணைகளோடு முழுமையாக மக்கள் முன் வையுங்கள். இனி எடுக்கும் மாதிரிகளை ஒப்பிட ஒரு அடிப்படை அளவு வேண்டும்.

பணம் யார் கொடுப்பது என்ற கேள்வி வரும். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 33அ, 31அ பிரிவுகளின் கீழ் மாசு வாரியங்கள் இழப்பீடு விதிக்கலாம், பாதிப்பு நேரும் முன்பே வங்கி உத்தரவாதமும் கேட்கலாம் என்று தீர்ப்பளித்தது. ஆகவே ஒவ்வொரு கிணற்றுக்கும் அதை அடைத்து நிலத்தை மீட்கும் செலவுக்கு ஈடான வங்கி உத்தரவாதத்தை, இசைவாணையைப் புதுப்பிக்கும்போது வாங்குங்கள். எண்ணெய் வயல்கள் கைமாறும்போது, சிறிய நிறுவனம் திவாலாகும்போது, மூடாத கிணறு அரசின் தலையில் விழாமலிருக்க இதுதான் வழி.

வேளாண் மண்டலத்துக்கு வெளியே நிலைமை இன்னும் மோசம். 2020 ஜனவரியில் மத்திய அரசு தேடல் கிணறுகளை, முழுமையான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு தேவையில்லாத பி2 பிரிவுக்கு மாற்றியது. அன்றிலிருந்து அவற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்பு கிடையாது. அதனால்தான் 2025 மார்ச்சில் ராமநாதபுரத்தில் 20 கிணறுகளுக்கு மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது ஊருக்குப் பிந்தித் தெரிந்தது. ஆகஸ்டில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு அதைத் திரும்பப் பெறச் சொல்லியிருப்பதாக அரசு அறிவித்தது. இனி எந்த விண்ணப்பம் வந்தாலும் அதே வாரத்தில் தமிழில் சுருக்கம் எழுதி, சம்பந்தப்பட்ட ஊராட்சிகளுக்கு அனுப்புங்கள். மத்திய விதி கருத்துக்கேட்பைக் கட்டாயமாக்கவில்லை, ஆனால் நீங்கள் கிராம சபைக்குச் சொல்வதைத் தடுக்கவும் இல்லை.

வேலையை மே மாதத்தில் தொடங்கலாம். வாய்க்கால்கள் காய்ந்து, நிலத்தடி நீர் தாழ்ந்திருக்கும் நேரம் அது. ஒவ்வொரு கிணற்றிலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் இருக்கும் போர்வெல்களில், உரிமையாளர் முன்னிலையில், மாதிரியை இரண்டாகப் பிரித்து முத்திரையிட்டு, ஒன்றை அரசு ஆய்வகத்துக்கும் மற்றொன்றை வேறொரு அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கும் அனுப்புங்கள். ஜூன் 12 அன்று மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டால், இந்த ஆண்டுக்கான அடிப்படை அளவு கிடைக்காது.

இப்படிக்கு,
காவிரிப் படுகை உழவர்களும் பொறியாளர்களும்