களனி கங்கையின் அளவுகோல் சொல்வதை வெல்லம்பிட்டி ஒழுங்கைக்கு யார் சொல்வது?

ஆசிரியர் அவர்களுக்கு,

களனி கங்கை பெருக்கெடுக்கும் ஒவ்வொரு முறையும் வானொலியிலும் பத்திரிகைகளிலும் தவறாமல் இடம்பெறும் எண் ஒன்று உண்டு. அது கொழும்பு கிராண்ட்பாஸ் நாகலகம் வீதியில் உள்ள நீர்மட்ட அளவுகோல் காட்டும் எண். நீர் 4 அடியை எட்டினால் விழிப்பு நிலை, 5 அடியென்றால் சிறு வெள்ளம், 7 அடியென்றால் பெருவெள்ளம் என்று நீர்ப்பாசனத் திணைக்களம் வகுத்து வைத்திருக்கிறது. நாட்டின் மற்றைய ஆறுகள் மீற்றரில் அளக்கப்படும் இக்காலத்திலும் இந்த இடம் மட்டும் பழைய வழக்கப்படி அடியிலேயே சொல்லப்படுவதால், கொழும்பு வடக்கில் வாழும் முதியவர்களுக்கு அந்த எண் நன்கு பழகிப்போன ஒன்று. ஆனால் நாகலகம் வீதியில் 7 அடி என்றால் வெல்லம்பிட்டியிலோ, கொலன்னாவையிலோ, மட்டக்குளியின் தாழ்ந்த தோட்டக் குடியிருப்புகளிலோ இருக்கும் தன் வீட்டு வாசலில் நீர் எவ்வளவு உயரம் நிற்கும் என்பது அங்கே குடியிருப்பவருக்குத் தெரியாது. அதைச் சொல்லும் பொறுப்பை எந்த அலுவலகமும் முழுமையாக ஏற்றுக்கொண்டதாகவும் தெரியவில்லை. இந்த இடைவெளியை நிரப்பாமல் எத்தனை கோடி ரூபாவை அணைகளிலும் நீரிறைக்கும் இயந்திரங்களிலும் செலவிட்டாலும், மாறிவரும் காலநிலையில் கொழும்பு மக்களின் உயிரையும் உடைமையையும் காக்க முடியாது என்பதே இக்கடிதத்தை எழுதத் தூண்டிய எண்ணம்.

முதலில் ஆற்றின் பதிவேட்டைப் பார்ப்போம். 1947 ஆகஸ்ட் வெள்ளத்தில் நாகலகம் வீதி அளவுகோல் 12 அடியைத் தாண்டியது. 1989 ஜூனில் 9 அடியையும் 2016 மே மாதத்தில் 7 அடியையும் கடந்தது. இம்மூன்றும் தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலத்தில், அல்லது அதன் தொடக்கத்தை ஒட்டி வந்தவை. ஆதலால் களனியின் பெருவெள்ளம் மே முதல் ஆகஸ்ட் வரைக்கும் உரியது என்ற எண்ணம் அதிகாரிகளிடமும் மக்களிடமும் ஊறிப்போயிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி அந்த எண்ணத்தைக் குலைத்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்து, மலையகத்தை மண்சரிவுகளால் சிதைத்த அந்தச் சூறாவளியின் மழைநீர் ஓரிரு நாள்களில் கீழிறங்கி வந்தபோது நாகலகம் வீதியில் நீர்மட்டம் 8 அடியைத் தாண்டியது. தனியொரு சூறாவளியைக் காட்டி எல்லாவற்றுக்கும் காலநிலை மாற்றமே காரணம் என்று முடிவுகட்ட நான் முற்படவில்லை. எந்த மாதத்தில் எதற்கு ஆயத்தமாக இருக்க வேண்டும் என்ற நமது நாட்காட்டியை இனி அப்படியே நம்பியிருக்க முடியாது என்பதை மட்டும் அழுத்திச் சொல்கிறேன்.

காலநிலை மாற்றத்தின் பங்கு எங்கே இருக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது கடினமன்று. காற்றின் வெப்பநிலை ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் அது தாங்கக்கூடிய நீராவி ஏறத்தாழ 7 வீதம் கூடுகிறது. ஆகவே மழை நாள்களின் எண்ணிக்கை கூடாவிட்டாலும், பெய்யும் நாளில் பெய்யும் அளவு கூடுகிறது. மறுபுறம், 1901க்கும் 2018க்கும் இடையில் உலகின் சராசரிக் கடல்மட்டம் சுமார் 20 சென்ரிமீற்றர் உயர்ந்திருக்கிறது. அந்த உயர்வின் வேகமும் அண்மைக் காலத்தில் கூடியிருக்கிறது. முகத்துவாரத்தில் கடல் உயர்ந்து நிற்கும்போது ஆறு தன் நீரை விரைவாகக் கொட்ட இயலாது. ஆறு உயர்ந்து நிற்கும்போதோ நகருக்குள் பெய்த மழையைச் சுமந்து வரும் சென் செபஸ்தியன் கால்வாயின் கதவுகளைத் திறந்துவைக்க முடியாது; திறந்தால் ஆற்றுநீர் நகருக்குள் ஏறிவிடும். மலையில் மழை, நகரில் மழை, உயர்ந்த கடல் ஆகிய மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவரும் நிலையே கொழும்பு உண்மையில் அஞ்ச வேண்டியது. ஆனால் நமது பொதுப் பேச்சில் ஆற்று வெள்ளம் ஒரு திணைக்களத்தின் விடயமாகவும், நகர வடிகால் வேறொரு நிறுவனத்தின் விடயமாகவும் பிரிந்தே கிடக்கின்றன.

நூறாண்டுக்கு ஒருமுறை வரும் வெள்ளம் என்ற பொறியியல் வழக்கையும் இங்கே குறிப்பிட வேண்டும். ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறு ஆண்டுகளுக்குக் கவலையில்லை என்று அதைப் பொருள்கொள்பவர்கள் படித்தவர்களிடையேயும் இருக்கிறார்கள். அதன் உண்மையான பொருள், எந்த ஓர் ஆண்டிலும் அவ்வளவு பெரிய வெள்ளம் வருவதற்கு 1 வீத வாய்ப்பு இருக்கிறது என்பதே. முப்பது ஆண்டு வங்கிக் கடனில் ஆற்றோரத்தில் வீடு வாங்கும் குடும்பம், கடன் தீர்வதற்குள் அத்தகைய வெள்ளத்தை ஒரு முறையேனும் காண்பதற்கு ஏறக்குறைய 26 வீத வாய்ப்பு இருக்கிறது. காலநிலை மாற்றத்தால் அதே வெள்ளம் ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை என்ற நிலைக்கு நெருங்கினால், அந்த வாய்ப்பு 45 வீதமாகிவிடும். கடனுக்குப் பிணையாகக் காணி உறுதியையும் மதிப்பீட்டு அறிக்கையையும் கேட்டு வாங்கும் நாட்டில், இந்தக் கணக்கை வீடு வாங்குபவரிடம் எடுத்துச் சொல்வதற்கு ஒருவரும் இல்லை என்பது வேதனைக்குரியது.

கடந்தகால வெள்ளங்களை இன்றைய அளவுகோலோடு நேரடியாக ஒப்பிடுவதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பல ஆண்டுகள் நடந்த மணல் அகழ்வினால் களனியின் கீழ்ப்பகுதி அடித்தளம் தாழ்ந்துவிட்டது. வறட்சிக் காலத்தில் கடல்நீர் ஆற்றுக்குள் ஏறி, கொழும்புக்குக் குடிநீர் எடுக்கும் அம்பத்தலை வரை உவர்நீர் அபாயம் வந்ததற்கும், அங்கே உவர்நீர்த் தடுப்பு தேவைப்பட்டதற்கும் அதுவே முக்கிய காரணம். அடித்தளம் தாழ்ந்த ஆற்றில் அதே நீரளவு முன்னரைவிடக் குறைந்த மட்டத்தில் ஓடக்கூடும். ஆகவே இன்று 8 அடி காட்டும் வெள்ளம், 1947இன் கணக்கில் வேறோர் எண்ணாக இருந்திருக்கலாம். மணல் அள்ளியதால் நன்மை விளைந்தது என்று இதிலிருந்து எவரும் முடிவெடுக்கக் கூடாது. கரைகள் அரிக்கப்பட்டு அணைகளின் அடி பலவீனமடைவதும் அதே மணல் அகழ்வினால்தான். உயரத்தை மட்டும் பார்த்து, முன்பு இதைவிடப் பெரிது வந்ததே என்று ஆறுதல் கொள்வது தவறான கணக்கு என்பதையே சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

இனி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும். கொழும்பு 2018இல், ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கையான ராம்சார் சமவாயத்தின் ஈரநில நகரங்களுள் ஒன்றாக அங்கீகாரம் பெற்றது. தலைநகர் ஒன்றுக்கு அது பெருமைதான். ஆனால் அந்த ஈரநிலங்களின் அருமை பெருமழை நாள்களில்தான் தெரியும். 1992 ஜூன் 4ஆம் திகதி சுமார் 490 மில்லிமீற்றர் மழையும், 2010 நவம்பரில் ஒரே இரவில் 400 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட மழையும் கொழும்பில் கொட்டின. 2010இல் நாடாளுமன்ற வளாகமே நீரில் நின்றது. அந்த இரண்டாவது அனுபவத்தின் பின்னர், 2012இல் உலக வங்கியின் கடனுதவியுடன் பெருநகர கொழும்பு அபிவிருத்தித் திட்டம் தொடங்கப்பட்டு, கால்வாய்களும் நீரிறைக்கும் நிலையங்களும் மழைநீரைக் கடலுக்குக் கொண்டுசெல்லும் புதிய முகத்துவாரச் சுரங்கமும் அமைக்கப்பட்டன. பெத்தகான ஈரநிலப் பூங்காவும் உருவானது. இவை பயனுள்ள பணிகள். ஆனால் மழைநீரைத் தேக்கி வைத்து மெல்ல விடுவிக்கும் வேலையைப் பெருமளவில் செய்துவருபவை கொலன்னாவை, கோட்டே, தலங்கமை, முத்துராஜவெல ஆகிய சதுப்பு நிலங்களே. அவற்றில் ஒரு பேர்ச் நிலம் நிரப்பப்பட்டால், அங்கே நிற்க வேண்டிய நீர் அயலில் உள்ள இன்னொருவரின் வீட்டில் நிற்கும். கொலன்னாவைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய மீதொட்டமுல்லவில் குப்பையைக் கொட்டிக் கொட்டி எழுப்பிய மேடு, 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில் சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டதை நாம் மறந்துவிடலாகாது. நீருக்குரிய நிலத்தை எதற்கும் உதவாத நிலம் என்று கருதும் மனப்பாங்கு எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்கு அதைவிடச் சான்று தேவையில்லை.

அணைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பிரித்தானியர் காலத்தில் நகரைக் காக்க எழுப்பப்பட்ட களனி அணைகளுக்கு உட்புறம் வாழ்வோர் தாம் முழுமையாகப் பாதுகாக்கப்பட்டிருப்பதாக எண்ணுகின்றனர். அணைக்கு வெளியே, ஆற்றின் பக்கமாகவே குடியிருக்கும் ஆயிரக்கணக்கானோருக்கு அந்த எண்ணம்கூட இல்லை. ஒரு கரையில் தடுக்கப்படும் நீர் தடுப்பற்ற மறுபக்கத்தில் உயரும். அணை எவ்வளவு உயரமாயினும் அதைத் தாண்டும் வெள்ளமும் ஒரு நாள் வரக்கூடும். புதிய அணை கட்டுவதாகச் சொல்லும் ஒவ்வொரு திட்டமும், அந்த அணையால் யாருடைய வீட்டுக்கு எத்தனை அங்குலம் நீர் கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மலையக நீர்த்தேக்கங்களைக் காட்டி, அங்கே வான்கதவுகளைத் திறந்ததால்தான் கொழும்பு மூழ்கியது என்று ஒவ்வொரு முறையும் ஒரு குற்றச்சாட்டு எழுகிறது. காசல்ரீயும் மவுசாகலையும் மின்னுற்பத்திக்காகக் கட்டப்பட்டவை; அவை ஆற்றுப்படுகையின் மேற்பகுதியில் விழும் நீரை மட்டுமே தாங்குகின்றன. தெரணியகலைப் பக்கமிருந்து இறங்கி அவிசாவளையை அண்டிக் களனியுடன் சேரும் சீதாவக்க கங்கையின் பெருமழை நீர் இந்தத் தேக்கங்களைத் தொடாமலே வருகிறது. எனவே கதவுகளை மட்டும் குறை சொல்வது பொருத்தமற்றது. ஆயினும், பெருமழை வரும் என்று வளிமண்டலவியல் திணைக்களம் முன்கூட்டியே அறிவிக்கும்போது தேக்கங்களில் எவ்வளவு இடம் ஒதுக்கி வைக்கலாம் என்பதற்கு எழுதப்பட்ட ஒழுங்குவிதி ஒன்று மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அந்த அணைகளுக்குக் கீழே ஆற்றோர லயன்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) வாழும் நம் மக்களே அந்தக் கதவுகளுக்கு மிக அருகில் இருப்பவர்கள் என்பதையும் கொழும்பில் இருப்போர் நினைவிற்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் மொழியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. டித்வா நாள்களில் எச்சரிக்கைகளும் அறிவித்தல்களும் தமிழில் பிந்தியும் குறைவாகவும் வந்தன என்ற முறைப்பாடு பரவலாக எழுந்தது. தமிழ் அரசகரும மொழி என்பதை அரசியலமைப்பு 1987இன் 13ஆவது திருத்தத்திலேயே சொல்லிவிட்டது. மலையிலிருந்து வரும் நீர் கொழும்பில் உச்சத்தை எட்ட ஓரிரு நாள் அவகாசம் தரும் ஆறு களனி. அந்த அவகாசத்தில் பாதியை மொழிபெயர்ப்புக்காகக் காத்திருப்பதில் இழப்பது உயிர்களோடு விளையாடுவதற்கு ஒப்பாகும். முன்கூட்டியே தமிழில் எழுதி ஆயத்தமாக வைக்கப்பட்ட அறிவித்தல் வாசகங்களில் எண்ணையும் இடத்தையும் மட்டும் நிரப்பி வெளியிடுவதற்கு எந்தப் புதிய தொழில்நுட்பமும் தேவையில்லை.

எங்கே வெள்ளம் வரும் என்பதைக் காட்டும் அபாய வரைபடம் என்ற பேச்சு வந்தவுடன் கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளில் வாழும் மக்களுக்கு ஏற்படும் அச்சத்தையும் பொறுப்புள்ளவர்கள் உணர வேண்டும். வெள்ள அபாயத்தைக் காரணம் காட்டி ஏழைத் தமிழ், முஸ்லிம், சிங்களக் குடும்பங்களைத் தொழிலுக்கும் பாடசாலைக்கும் எட்டாத தூரத்துக்கு அப்புறப்படுத்திவிட்டு, அதே நிலத்தை மேடாக்கி வேறு தேவைகளுக்குக் கொடுப்பதாக இருந்தால், அந்த வரைபடத்தை ஒருவரும் நம்பமாட்டார்கள். இடம்பெயர்த்தே ஆக வேண்டிய வீடுகள் இருக்கக்கூடும். அவர்களுக்கு அதே பிரதேச செயலகப் பிரிவுக்குள் வீடு கொடுப்பதும், காலியாகும் நிலத்தை நீருக்கே நிரந்தரமாக விட்டுவிடுவதும் சட்டத்தில் எழுதப்பட வேண்டும். நாம் இன்னமும் கையில் வைத்திருக்கும் வெள்ளப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1924ஆம் ஆண்டுக்குரியது என்பதை நோக்கினால், அதைத் திருத்துவதற்கு இது பொருத்தமான வேளைதான்.

எனவே நீர்ப்பாசனத் திணைக்களமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சம்பந்தப்பட்ட மாநகர சபைகளும் அடுத்த தென்மேற்குப் பருவப்பெயர்ச்சி தொடங்குவதற்கு முன்னர் ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும் எனத் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். நாகலகம் வீதியில் 5, 7, 9 அடி என்ற ஒவ்வொரு மட்டத்துக்கும், கடந்த வெள்ளங்களின் பதிவுகளோடு இனிவரும் மழையின் கணக்கையும் சேர்த்து, எந்த ஒழுங்கையில் எந்த வீட்டிலக்கம் வரை நீர் வரும் என்பதைக் காட்டும் வரைபடத்தைத் தயாரித்து, தமிழிலும் சிங்களத்திலும் கிராம சேவகர் அலுவலகங்களிலும் பாடசாலைகளிலும் வழிபாட்டிடங்களிலும் ஒட்ட வேண்டும். மின்கம்பங்களில் அந்த மட்டங்களை நிறத்தால் குறித்து வைக்க வேண்டும். அந்தக் கோடுகள் சரியா என்பதை 2016இலும் 2025இலும் தம் வீட்டுச் சுவரில் நீர்த்தடம் கண்ட மக்களிடமே கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளலாம். அவர்களுடைய சுவர்களில் அந்தத் தடம் இன்னும் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர் ஒருவர்,
மட்டக்குளி, கொழும்பு 15.